யார் அளப்பது, யாரிடம் சொல்வது?

பாய லேபார் எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே மூன்று அலுவலகக் கோபுரங்கள். 2019-இல் திறந்த பாய லேபார் குவார்ட்டர் வளாகம் அது. பக்கத்திலேயே யூனுஸ் ரோடு 8-இல், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்காக 2014-இல் தொடங்கப்பட்ட வாழ்நாள் கற்றல் கழகம். அங்கிருந்து மேற்கே கேலாங் ரோட்டில் நடந்தால் லோரோங்குகள் வரிசையாக வருகின்றன. சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்கள், மறுபக்கம் இரட்டைப்படை. கடைவீடுகளின் மாடிகளில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கியிருக்கிறார்கள். கீழே காப்பிக்கடைகளும் டுரியான் கடைகளும் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கின்றன. கடை வாசல்களில் உணவுப் பொட்டலத்துக்காகக் காத்திருக்கிறார்கள் விநியோக ஓட்டுநர்கள்.

பொழுதோடு நடந்து முடித்துவிடக்கூடிய இந்த வட்டாரத்தில் உழைக்கிற எல்லோருக்குமே யாரோ ஒருவர் மதிப்பெண் போடுகிறார். கோபுரத்தின் பத்தாவது மாடியில் இருப்பவருக்கு ஆண்டு இறுதி அப்ரைசல். அதே கோபுரத்தின் வாசலில் நிற்கும் பாதுகாவல் அதிகாரிக்கு, அவரை அனுப்பிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அபராத விதிகள். சைக்கிளில் வரும் ஓட்டுநருக்குக் கைப்பேசிச் செயலியின் கணக்கு. லோரோங் மாடியில் படுத்திருக்கும் கட்டுமான ஊழியருக்கு, வேலை பெர்மிட்டில் பதிந்திருக்கும் திறன் தரம்.

மனிதவளத் துறைகளில் இப்போது சூடாக நடக்கும் விவாதம், ஊழியர் செயல்திறனை மதிப்பிடும் முறையை எப்படி மாற்றியமைப்பது என்பது. ஆண்டுக்கு ஒருமுறையா, மாதந்தோறுமா? எண்ணா, எழுத்தா? மென்பொருளா, நேர்ப்பேச்சா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த விவாதம் அநேகமாக பத்தாவது மாடியிலேயே நின்றுவிடுகிறது. மதிப்பீட்டால் வாழ்க்கையே திசைமாறக்கூடிய மனிதர்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

ஷெல் நிறுவனத்திடம் வாங்கிய அளவுகோல்

சிங்கப்பூரில் மதிப்பீட்டு முறையின் கதையை 1983-இலிருந்து தொடங்குவது பொருத்தம். பிரிட்டிஷார் விட்டுச்சென்ற பழைய முறையை அந்த ஆண்டுதான் பொதுச் சேவை கைவிட்டு, ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் முறையை எடுத்துக்கொண்டது. அதைத் தேர்ந்தெடுத்தவர் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ. பல நாட்டு நிறுவனங்கள் தங்கள் மேல்நிலை அதிகாரிகளை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று விசாரித்துவிட்டு ஷெல்லின் முறையில் வந்து நின்றதைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே விவரித்திருக்கிறார். பகுத்தாயும் ஆற்றல், கற்பனைத் திறன், நடைமுறை உணர்வு ஆகிய மூன்றோடு, ஹெலிகாப்டரில் இருந்து பார்ப்பதுபோல் முழுக்காட்சியையும் கண்டு, தேவையான இடத்தில் மட்டும் இறங்கி உற்றுநோக்கும் தன்மை. இவைதான் ஷெல் தேடிய குணங்கள்.

இந்த முறையில் ஒருவர் இந்த ஆண்டு என்ன செய்தார் என்பது ஒரு கணக்கு. அவர் ஓய்வுபெறுவதற்குள் எந்த உயரம் வரை போகக்கூடியவர் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதன்படிதான் யாருக்கு எந்தப் பொறுப்பைக் கொடுப்பது, எவ்வளவு வேகமாக மேலே தூக்குவது என்று தீர்மானிப்பார்கள். சின்னஞ்சிறிய நாடு, ஆள் குறைவு, தவறான ஆளைத் தவறான நாற்காலியில் உட்கார வைத்தால் நாடே விலை கொடுக்க வேண்டும் என்ற பதற்றம் அன்றைக்கு இருந்தது. அந்தப் பதற்றத்துக்கு இந்த முறை பதிலாக அமைந்தது. சாதியும் சொந்தமும் சிபாரிசும் பதவி உயர்வைத் தீர்மானித்த அலுவலகங்களைப் பார்த்து வளர்ந்த தமிழர்களுக்கு, வேலையை வைத்து ஆளை எடைபோடுவோம் என்று ஓர் அரசாங்கம் சொன்னதன் அருமை தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அதற்குள்ளேயே ஒரு சிக்கலும் இருந்தது. ஒருவர் எந்த உயரம் வரை போவார் என்ற அந்தக் கணிப்பைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்வதில்லை என்பது நெடுங்கால வழக்கம். முப்பது வயதில் மேலதிகாரிகள் போட்ட ஒரு கோடு, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஒருவருக்கு எந்த வாய்ப்பு வரும், எது வராது என்பதைத் தீர்மானிக்கலாம். அவர் அதைப் பார்க்கவே மாட்டார். பார்க்காததை மறுக்கவும் முடியாது.

அதே பத்தாண்டில் சம்பளமும் மாறியது. 1972-இல் அமைந்த தேசிய சம்பள மன்றம் ஆண்டுதோறும் சம்பள உயர்வுக்குப் பரிந்துரை வழங்கிவந்தது. 1985-இல் பொருளாதாரம் சுருங்கியபோது, சம்பளம் ஏறத்தான் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை என்ற குறை எழுந்தது. அதன்பின் சம்பளத்தின் ஒரு பகுதியை நிறுவனத்தின் நிலைமைக்கும் ஊழியரின் செயல்திறனுக்கும் ஏற்ப மாறக்கூடியதாக வைக்கும் முறை பரவியது. அதிலிருந்து அப்ரைசல் காகிதத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் ரொக்கமாக மாறத் தொடங்கியது. இந்த இணைப்புதான் பின்னாளில் வந்த பாதிச் சிக்கல்களின் வேர்.

அறுபது ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை

சம்பளத்தைப் பற்றிய பேச்சையும், வேலையில் முன்னேறுவதைப் பற்றிய பேச்சையும் ஒரே மேசையில் வைக்கக்கூடாது என்று 1965-லேயே சொல்லிவிட்டார்கள். சொன்னது தொழிற்சங்கம் அல்ல, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்குள்ளேயே ஆய்வு நடத்திய மேயர், கே, பிரெஞ்ச் ஆகிய மூவர். ஆண்டு இறுதியில் உட்காரவைத்துக் குறை சொன்னால் ஊழியர் தன்னைக் காத்துக்கொள்வதில்தான் குறியாக இருக்கிறார், குறை சொல்லப்பட்ட விஷயத்தில் முன்னேற்றம் வருவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். பாராட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. இருவரும் சேர்ந்து குறிப்பான இலக்கு ஒன்றை வகுத்துக்கொண்டபோதும், அன்றாடம் வேலையின் நடுவே சொல்லிக்கொடுத்தபோதும்தான் வேலை மேம்பட்டது. மனித சுபாவம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. போனஸ் தொகை மேசையில் கிடக்கும்போது யார் தன் பலவீனத்தை ஒப்புக்கொள்வார்?

2000-இல் வெளியான இன்னோர் ஆய்வு அதைவிடச் சங்கடமானது. 4,492 மேலாளர்களுக்கு அவர்களது மேலதிகாரிகள், சக ஊழியர்கள், கீழே வேலை செய்கிறவர்கள் எனப் பலர் போட்ட மதிப்பெண்களை ஸ்கல்லன், மவுன்ட், கோஃப் என்ற ஆய்வாளர்கள் அலசினார்கள். மதிப்பெண்களில் தெரிந்த வேறுபாட்டில் சுமார் 62 விழுக்காடு, மதிப்பெண் போட்டவரின் சொந்தப் போக்கால் வந்தது. மதிப்பிடப்பட்டவரின் உண்மையான செயல்திறனால் வந்தது 21 விழுக்காடுதான். கை தாராளமான மேலதிகாரியிடம் வேலை பார்ப்பவருக்கு ஒரு மதிப்பெண், கறாரானவரிடம் மாட்டியவருக்கு வேறு மதிப்பெண். இந்த எண்ணை வைத்துத்தான் போனஸ், பதவி உயர்வு, ஆள்குறைப்பு எல்லாம் நடக்கின்றன.

கருத்துச் சொல்வதே பலன் தரும் என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்தது. அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1996-இல் க்ளூகரும் டெனிசியும் கணக்குப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தருணங்களில் கருத்துச் சொன்னதே செயல்திறனைக் குறைத்திருந்தது. எப்படிச் சொல்கிறோம், யார் சொல்கிறார், எதைப் பற்றிச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேலையைப் பற்றிப் பேசினால் ஆள் நிமிர்கிறார். ஆளைப் பற்றிப் பேசினால் சுருங்குகிறார்.

இதற்கு நடுவே கட்டாய வரிசைப்படுத்தல் என்ற முறை உலகெங்கும் பரவியது. ஜாக் வெல்ச் காலத்து ஜெனரல் எலெக்ட்ரிக்கில் மேல் 20 விழுக்காட்டுக்குப் பரிசு, நடு 70-க்கு ஆதரவு, கீழ் 10-க்குக் கதவு. எல்லோரும் நன்றாக வேலை செய்த குழுவிலும் யாரையாவது கடைசியில் நிறுத்தியே தீர வேண்டும். அலுவலகப் பேச்சில் 'பெல் கர்வ்' என்ற சொல் சாபம்போல் ஒலிக்கத் தொடங்கியது இப்படித்தான். மைக்ரோசாஃப்டின் சரிவைப் பற்றி 2012-இல் வந்த ஒரு நீண்ட பத்திரிகைக் கட்டுரையில், நிறுவனத்துக்குள் கூட்டுழைப்பைக் கொன்றது இந்த வரிசைப்படுத்தல்தான் என்று ஊழியர்கள் அடுக்கடுக்காகச் சொன்னார்கள். 2013 நவம்பரில் அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. அடோபி அதற்கு முந்தைய ஆண்டே ஆண்டு அப்ரைசலை விட்டுவிட்டு, அவ்வப்போது பேசும் முறைக்கு மாறியிருந்தது. மதிப்பீட்டுப் படிவங்களுக்கும் கூட்டங்களுக்கும் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் மணி நேரம் போகிறது என்று டெலாய்ட் தன் வீட்டுக் கணக்கையே எடுத்துப் பார்த்து, 2015-இல் முறையை மாற்றியது.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் மெட்டா நிறுவனம் தன் ஊழியர்களில் செயல்திறன் குறைந்தவர்கள் என்று சுமார் 5 விழுக்காட்டினரை வெளியேற்றப்போவதாக அறிவித்தது. சந்தை இறுகும்போது பழைய அளவுகோல் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிடுகிறது.

'நன்று' என்று எழுதி மறைத்த கதை

மதிப்பீட்டை மறைப்பது எவ்வளவு பெரிய அநீதியாக முடியும் என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கே போதும். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் பதவி உயர்வுக்குத் தகுதி பெற வேண்டுமானால், ஐந்தாண்டு ரகசியக் குறிப்புகளில் 'மிக நன்று' என்ற தரம் இருக்க வேண்டும். 1993-94-ஆம் ஆண்டுக்கு மட்டும் அவருக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பாதகமான குறிப்பு என்றால்தான் ஊழியரிடம் சொல்ல வேண்டும், 'நன்று' பாதகமில்லையே என்பது துறையின் வாதம். அந்த 'நன்று'தான் அவரது பதவி உயர்வைத் தடுத்தது.

2008 மே 12 அன்று நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு இடம்பெற்ற அமர்வு தீர்ப்பளித்தது: மோசம், சுமார், நன்று, மிக நன்று என எந்தக் குறிப்பாக இருந்தாலும் அதை ஊழியரிடம் தெரிவித்தாக வேண்டும், மறுத்து முறையிட அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். அடுத்த ஆண்டே மத்திய அரசு முழு மதிப்பீட்டு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டும்படி ஆணை பிறப்பித்தது. ரகசியக் குறிப்பு என்ற பெயரும் போயிற்று.

இந்திய அரசு அலுவலகங்களில் இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. காட்டித்தான் ஆக வேண்டும் என்றதும் எல்லோருக்கும் ஒன்பதும் பத்தும் போடுகிற அதிகாரிகள் உண்டு. ஆனாலும் ஒரு மனிதரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் எழுத்தை அவர் படிக்க வேண்டும் என்பது அங்கே உரிமையாகிவிட்டது. சிங்கப்பூரில் தனியார் துறையில் அது இன்னும் முதலாளியின் மனதைப் பொறுத்தது.

பெர்மிட்டில் எழுதிய தரம்

கேலாங் லோரோங் 23-இல், வெளிநாட்டு ஊழியர்களுக்காக 2006-இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பு மருந்தகம் நடத்திவந்திருக்கிறது. இந்த வட்டாரம் எத்தனை ஊழியர்களின் அன்றாடத்தோடு பிணைந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ் ஊழியர்களில் பலர் சனிக்கிழமை இரவு வரை தீவின் பல மூலைகளில் கம்பி கட்டியவர்கள், ஓடு பதித்தவர்கள், குழாய் போட்டவர்கள். அவர்களுக்கும் மதிப்பீடு உண்டு. ஆனால் அதை யாரும் அப்ரைசல் என்று அழைப்பதில்லை.

முதல் மதிப்பீடு ஊரிலேயே நடக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள தேர்வு மையங்களில் கட்டுமானத் திறன் தேர்வு. 'ஸ்கில் டெஸ்ட்' என்றால் புதுக்கோட்டை, சிவகங்கைக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் கட்டி, கம்பி கட்டியோ ஓடு பதித்தோ காட்டித் தேறினால்தான் விமானம். இங்கே வந்த பிறகு பெர்மிட்டில் இரண்டு தரங்கள். அடிப்படைத் திறன் என்றால் 'ஆர் டூ', உயர்திறன் என்றால் 'ஆர் ஒன்'.

இந்த இரண்டு எழுத்துக்கும் எண்ணுக்கும் பின்னால் இருக்கும் பணத்தைப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் ஊழியர் ஒருவருக்கு முதலாளி அரசுக்குச் செலுத்தும் லெவி மாதம் 900 வெள்ளி. உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி. வித்தியாசம் மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி. திறனை வளர்க்கும் முதலாளிக்குச் சலுகை கொடுத்தால் திறன் வளரும் என்பது கொள்கையின் நோக்கம், நல்ல நோக்கம். தரம் உயர ஒரு வழி, மாதம் குறைந்தது 1,600 வெள்ளி நிலையான சம்பளமும் சில ஆண்டு சிங்கப்பூர் அனுபவமும். இன்னொரு வழி, மேற்கொண்டு திறன் தேர்வுகள். எந்த வழியானாலும் முதலாளி மனம் வைத்தாக வேண்டும். ஊழியர் தானாகப் போய், 'என் வேலையைப் பாருங்கள், எனக்குத் தரம் உயர்த்துங்கள்' என்று கேட்கும் கவுன்டர் இல்லை.

அந்தத் தரம் சம்பளத்தோடு நிற்கவுமில்லை. அண்மைக் காலம் வரை பெர்மிட்டில் ஒருவர் மொத்தம் எத்தனை ஆண்டு இங்கே வேலை செய்யலாம் என்பதற்கு உச்சவரம்பு இருந்தது. துறை, நாடு, திறன் தரம் ஆகியவற்றைப் பொறுத்து 14 முதல் 26 ஆண்டு வரை. பன்னிரண்டு ஆண்டு வித்தியாசம்! ஊரில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்து முடிக்கும் காலம் அது. எந்த மேற்பார்வையாளரும் எதிரே உட்கார்ந்து பேசாமல், படிவம் எதிலும் ஊழியர் கையெழுத்துப் போடாமல் ஒரு குடும்பத்தின் விதி அந்தத் தரத்தில் அடங்கியிருந்தது. 2025 ஜூலை 1 முதல் மனிதவள அமைச்சு இந்த உச்சவரம்பை நீக்கி, வயது வரம்பையும் 60-இலிருந்து 63-க்கு உயர்த்தியது. மனதார வரவேற்க வேண்டிய மாற்றம். அனுபவம் உள்ளவரை வருடக்கணக்கைக் காட்டித் திருப்பி அனுப்புவது யாருக்கும் லாபமில்லை என்று அரசே ஒப்புக்கொண்டதற்குச் சமம் இது.

மிச்சம் இருப்பது தளத்தில் நடக்கும் மதிப்பீடு. கட்டுமானத் தளத்தில் ஒருவரின் வேலையை நேரில் பார்க்கிறவர் சூப்பர்வைசர். பெர்மிட்டைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அலுவலகத்தில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. 'ஆள் சரியில்லை' என்ற ஒரு சொல் போதும். யாருடைய ஓடு பெயராமல் நிற்கிறது, யார் பாதுகாப்புக் கயிற்றை மறக்காமல் மாட்டுகிறார், யார் புதிதாய் வந்த பையனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறார் என்பதெல்லாம் எங்கும் பதிவதில்லை. பதிந்தால் அதைக் காட்டி அடுத்த முதலாளியிடம் நல்ல சம்பளம் கேட்க முடியும்.

சட்டமும் இந்த மௌனத்துக்கு இடம் கொடுக்கிறது. நியாயமான காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் முறையிட, சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். செயல்திறன் போதாது என்று காரணம் சொல்லி, அது பொய்யென்று தெரிந்தால் அந்த நீக்கம் தவறானது. ஆனால் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காரணமே சொல்லாமல் இருந்தால், அது தவறான நீக்கம் இல்லை என்று முத்தரப்பு வழிகாட்டிகள் எடுத்துக்கொள்கின்றன. கவனமான முதலாளிக்கு இதில் கிடைக்கும் பாடம் வாயைத் திறக்காதே என்பதுதான். ஒருவர் எங்கே தவறினார் என்று சொல்ல வேண்டிய இடத்திலேயே, சொல்லாமல் இருப்பது பாதுகாப்பாகிவிடுகிறது. வேலை போனால் பெர்மிட்டும் போய்விடும் ஊழியருக்குக் காரணம்கூடத் தெரியாமல் விமானம் ஏறும் நிலை. இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும்.

மேல்மாடி ஊழியரும் முழுக்கத் தப்பவில்லை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்து கணினித் துறையில் இருப்பவர்களுக்கு, 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளி முறை வந்துவிட்டது. மறு ஆண்டிலிருந்து பாஸ் புதுப்பிப்புக்கும் அது பொருந்துகிறது. 40 புள்ளி வேண்டும். அதில் சம்பளம் ஒரு முக்கிய அம்சம். அதே துறையில் உள்ள உள்ளூர் ஊழியர்களின் சம்பளத்தோடு, வயதையும் கணக்கில் வைத்து ஒப்பிடுகிறார்கள். வயது ஏறினால் எட்ட வேண்டிய சம்பளமும் ஏறும். ஆக, ஒரு மேலாளர் மனம்போன போக்கில் போட்ட சுமாரான மதிப்பெண், உயர்வில்லாத ஓர் ஆண்டாகி, பாஸைப் புதுப்பிக்கும் நாளில் குறைந்த புள்ளியாக வந்து நிற்கலாம். அந்த மேலாளருக்கு அது தெரியுமா என்பது சந்தேகமே.

அபராதமும் நட்சத்திரமும்

கோபுரத்து வாசலில் நிற்கும் பாதுகாவல் அதிகாரியின் நிலைமையில் கடந்த சில ஆண்டுகளில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. படிப்படியான சம்பள உயர்வு முறை 2016-இல் இத்துறைக்கு வந்தது. பயிற்சி, பதவி, சம்பளம் மூன்றையும் ஏணிப்படிகளாகக் கட்டியது. 2024-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,650 வெள்ளி, 2028-இல் அது 3,530 ஆகும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரிய முறை இது. மேலதிகாரியின் மனநிலை எப்படி இருந்தாலும், பயிற்சியை முடித்துப் பொறுப்பை ஏற்றால் சம்பளம் உயரும் என்ற உறுதி அதில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் ஐம்பதைத் தாண்டிய எத்தனையோ பேர் இந்தச் சீருடையை நம்பி இருக்கிறார்கள்.

ஆனால் அவர்களை மதிப்பிடும் இன்னோர் ஆவணமும் உண்டு. பாதுகாவல் நிறுவனத்துக்கும் கட்டட உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் அது. சில ஒப்பந்தங்களில், அதிகாரி செய்யும் சிறு பிழைக்கும் நிறுவனத்தின் கட்டணத்திலிருந்து பெருந்தொகையைக் கழித்துக்கொள்ள விதிகள் இருந்தன. ராஜ் ஜோஷுவா தாமஸ் தலைவராக இருந்தபோது சிங்கப்பூர்ப் பாதுகாவல் சங்கம் இத்தகைய விதிகளை வெளிப்படையாகக் கண்டித்தது. தொழிற்சங்கமும் குரல் கொடுத்தது. 2020 மே முதல் அரசு அமைப்புகள், எத்தனை தலை நிற்க வேண்டும் என்று வாங்குவதை விட்டு, என்ன பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்ற விளைவை வைத்து ஒப்பந்தம் செய்யும் முறைக்கு மாறின. அளக்கப்படும் பொருளே மாறிவிட்டால் வேலையும் மாறுகிறது. பன்னிரண்டு மணி நேரம் உட்காராமல் நின்றாரா என்று பார்த்த கண், திருட்டு நடக்காமல் பார்த்துக்கொண்டாரா என்று பார்க்கத் தொடங்குகிறது. தனியார் கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுக்களும் இதை ஏற்க வேண்டும். அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைப் போன்ற குடியிருப்பாளர்கள்தான்.

இரவு பதினோரு மணிக்குக் கேலாங்கில் தவளைக் கஞ்சிக் கடை வாசலில் நிற்கும் விநியோக ஓட்டுநரை மதிப்பிடுவது, செயலியில் நட்சத்திரம் போடும் வாடிக்கையாளர். கடை தாமதித்தாலும், மின்தூக்கி வர நேரமானாலும், மழை கொட்டினாலும் வாடிக்கையாளரின் கோபம் அவருடைய கணக்கில்தான் ஏறும். எத்தனை ஆர்டரை ஏற்றார், எத்தனையை விட்டார் என்ற விகிதம் ஊக்கத்தொகையைப் பாதிக்கும். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இணையத் தள ஊழியர் சட்டம் இவர்களுக்கு வேலைக் காய இழப்பீட்டையும் மத்திய சேமநிதியையும், அமைப்பாகச் சேர்ந்து பேசும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. பேசும் உரிமை வந்துவிட்டதால், முதலில் பேச வேண்டியது இந்தக் கணக்கைப் பற்றித்தான். எந்தக் காரணத்துக்காக மதிப்பு குறைந்தது என்று ஒரு மனிதரிடம் கேட்டு, ஒரு மனிதரிடமிருந்து பதில் பெற முடிய வேண்டும்.

மாற்றுவது என்றால் எதை?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2024-இல் தன் ஊழியர்களுக்குக் கொடுத்த லாபப் பங்கு போனஸ் 7.94 மாதச் சம்பளம். பலர் தொகையைப் பார்த்து வாய்பிளந்தார்கள். கவனிக்க வேண்டியது, அது தொழிற்சங்கங்களோடு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சூத்திரத்தின்படி வந்தது என்பதே. விமானம் நேரத்துக்குக் கிளம்ப விமானியும் பொறியாளரும் பெட்டி ஏற்றுபவரும் சேர்ந்துதான் உழைக்கிறார்கள். அதில் யாருடைய பங்கு எத்தனை விழுக்காடு என்று பிரிக்க முயல்வது வீண் வேலை. பெரும்பாலான வேலைகள் அப்படிப்பட்டவையே. போனஸில் பெரும்பகுதியைக் கூட்டு உழைப்பின் பலனாகக் கொடுத்துவிட்டால், தனிப்பட்ட அப்ரைசல் பேச்சிலிருந்து பணத்தின் பாரம் குறையும். அப்போது ஊழியர் தன் தடுமாற்றத்தைத் திறந்து சொல்வார், மேலதிகாரியும் உண்மையாக உதவ முடியும்.

நிறுவனங்கள் வாங்கிக் குவிக்கும் புதிய மென்பொருள்களில் இந்தத் தீர்வு கிடைக்காது. வாரந்தோறும் கருத்துக் கேட்கும் செயலி, பழைய அளவுகோலையே ஐம்பத்திரண்டு முறை நீட்டுவதாகிவிடும். மாற்ற வேண்டிய இடம் வேறு. வேலையைக் கண்ணால் பார்த்தவரின் சொல்லுக்கு எடை வேண்டும். எழுதியது எழுதப்பட்டவர் கைக்கு வர வேண்டும். மறுத்துப் பேச ஒரு வழி வேண்டும்.

இதில் சட்டம் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், வேலைக்கு எடுப்பதை மட்டும் பார்க்கவில்லை. மதிப்பீடு, பதவி உயர்வு, பயிற்சி, வேலை நீக்கம் என எல்லா முடிவுகளையும் உள்ளடக்குகிறது. அது நடப்புக்கு வந்ததும் வயது, பாலினம், கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம், குடியுரிமை போன்றவற்றைக் காட்டி ஒருவரைத் தாழ்த்த முடியாது. சிறுபான்மையினரான நமக்கு இது பெரிய விஷயம். குழுக் கூட்டம் மாண்டரினுக்குத் தாவும்போது பேசாமல் உட்கார்ந்திருந்த தமிழருக்கு 'முன்முயற்சி போதாது' என்று ஆண்டு இறுதியில் எழுதினால், அதைக் கேள்வி கேட்க அப்போது ஒரு பிடிமானம் இருக்கும். கேள்வி கேட்க வேண்டுமானால் எழுதியது கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து முதல் ஐந்தாண்டுக்கு விலக்கு உண்டு. கேலாங் ரோட்டின் இரு பக்கமும் உள்ள கடைகள், உணவகங்கள், துணை ஒப்பந்தக் கட்டுமான நிறுவனங்கள் எனப் பலவும் அந்த விலக்குக்குள் வந்துவிடும். அந்த முதலாளிகளில் தமிழர்களும் இருக்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் மனிதவளத் துறையும் படிவமும் தேவையில்லை. சம்பள நாளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நாளில் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன நன்றாக நடந்தது, எங்கே சிரமம், அடுத்து எந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை என்று தமிழிலோ வங்காளத்திலோ சீனத்திலோ பேசி, பேசியதை ஒரு தாளில் எழுதி, நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்தால் போதும். ஆர் ஒன் தரத்துக்குத் தகுதி வந்துவிட்ட ஊழியரை அதே நாளில் கண்டுபிடித்து விண்ணப்பம் போடலாம். மாதம் 400 வெள்ளி லெவி மிச்சமாகும். அதில் ஒரு பகுதியையேனும் அவர் சம்பளத்தில் சேர்க்கலாம்.